அரைகுறையாக எரிந்ததன் மிச்சம்: புகைக்கரி பற்றி ஓர் அறிமுகம்

ஆம்பூரில் விறகடுப்பில் பிரியாணி போடும் கடைகளில் தேக்சாவின் அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அட்டைக் கறுப்பு. விரல் பட்டால் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் ரேகைக்குள் கொஞ்சம் நிற்கும். இதைத்தான் புகைக்கரி என்கிறோம். பாத்திரத்தில் படிவது கொஞ்சம்தான், மீதி புகையோடு வெளியேறிவிடுகிறது. அது எங்கே போகிறது, யார் நெஞ்சுக்குள் இறங்குகிறது, வானத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வட ஆற்காட்டுப் பக்கம் மாசு என்று பேச்செடுத்தால் தோல் தொழிற்சாலையும் பாலாறும்தான் முதலில் வரும். அதில் தப்பில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கெட்ட கதை பெரியது. ஆனால் தண்ணீரைப் பற்றியே பேசிப் பேசி, காற்றைப் பேசாமலே விட்டுவிட்டோம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. ராத்திரி பகல் பாராமல் லாரிகள் ஓடுகின்றன. சுற்றிலும் செங்கல் சூளை, கரும்புச் சக்கை எரியும் வெல்லக் கொட்டகை, தெருமுனையில் கொளுத்தும் குப்பை, இவை போதாதென்று வெந்நீர் அடுப்பு. இத்தனையிலும் பொதுவாக வெளிவருவது இந்தக் கரிதான்.

எரிவதில் நல்லது, கெட்டது

விறகு, டீசல், மண்ணெண்ணெய், கற்பூரம், டயர் எல்லாவற்றிலும் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. போதிய காற்றும் போதிய சூடும் கிடைத்து ஒழுங்காக எரிந்தால், கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் நீராவியாகவும் மாறிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நடைமுறையில் அப்படி எரிவது அபூர்வம். தீயின் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை. அங்கே எரிபொருளின் மூலக்கூறுகள் சூட்டில் உடைகின்றன, ஆனால் எரிய வழியில்லை. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆறு கார்பன் கொண்ட வளையங்களாகின்றன. வளையத்தோடு வளையம் ஒட்டிப் பெரிதாகி, கடைசியில் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரள்கின்றன. ஓர் உருண்டையின் குறுக்களவு 20 முதல் 50 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டருக்குள் பத்து லட்சம் நானோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். இந்த உருண்டைகள் கோத்துக்கொண்டு கொத்தும் சங்கிலியுமாகப் புகையில் மிதக்கின்றன.

விளக்குச் சுடர் ஏன் மஞ்சளாக இருக்கிறது? உள்ளே உண்டான கரித்துகள்கள் சூட்டில் தணல் போல ஒளிர்வதால்தான். சுடரின் மேல்பக்கம் போகும்போது அவற்றில் பெரும்பகுதி எரிந்துவிடும். எரிவதற்கு முன்னால் ஒரு தட்டைக் காட்டினால் தட்டில் படியும். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அந்தக் காலத்தில் கண்மை எடுத்தது இந்த வழியில்தான். கேஸ் அடுப்பில் காற்றும் வாயுவும் முதலிலேயே கலந்து வருவதால் சுடர் நீலம், கரி ஏறக்குறைய இல்லை. அந்த அடுப்பிலேயே சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கறுக்க ஆரம்பித்தால், பர்னர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

எரிபொருளைப் பொறுத்தும் மாறும். வளையம் வளையமாகக் கார்பன் ஏற்கெனவே கட்டியிருக்கும் பொருட்கள், உதாரணத்துக்கு டயர் ரப்பர், தெர்மாகோல், எரிந்தால் புகை கன்னங்கரேலென்று வரும். கரி உண்டாகப் பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது. போகியன்று டயரைக் கொளுத்த வேண்டாம் என்று வருஷா வருஷம் சொல்வதற்கு இது ஒரு காரணம். ரொம்ப மோசமான இன்னொன்று சிம்னி இல்லாத மண்ணெண்ணெய்த் திரி விளக்கு. அது எரிக்கும் எண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் எடைக்குக் கரியாக வெளியேறுகிறது என்று 2012-ல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கிராமங்களுக்கு மின்சாரம் வந்ததன் பலன்களில் இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லாப் புகையும் கரி அல்ல. ஈர விறகும் பச்சைச் சருகும் எரியும்போது வரும் வெள்ளைப் புகையில் கரி குறைவு. அதில் இருப்பவை தார் போன்ற கரிமத் துளிகள். கண் எரிச்சல் அதனால்தான் அதிகம். வெள்ளையாக இருக்கிறதே என்று அதை நல்லதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உடம்புக்கு அதுவும் ஆகாது. வானத்தில் அது செய்கிற வேலை மட்டும் வேறு. அதற்கு அப்புறம் வருவோம்.

நெஞ்சுக்குள் இறங்கும் வழி

காற்றில் மிதக்கும் தூசியை அளவு வைத்துப் பிரிப்பார்கள். 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள்களுக்கு பி.எம். 2.5 என்று பெயர். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும். புகைக்கரி இதற்குள் அடங்கும், இதிலும் சின்ன வகை. செம்மண் புழுதியை மூக்கு மயிரும் சளியும் பிடித்துவிடும். தும்மினால், காறித் துப்பினால் போய்விடும். கரி அப்படிச் சிக்காது. மூச்சுக்குழாயின் கிளைகளைத் தாண்டி, நுரையீரலின் கடைசியில் இருக்கும் காற்று நுண்ணறைகள் வரை போகிறது. அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஒரு சவ்வு மட்டும்.

அங்கே காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் துகளை விழுங்கிவிடும். செரிக்கத்தான் முடியாது. கரி அப்படியே உள்ளே கிடக்க, வெள்ளணுக்கள் ஆபத்து என்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் விளைவு, அழற்சி. அது நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, ரத்தக் குழாய் இறுகுகிறது. புகை என்றதும் இருமலையும் ஆஸ்துமாவையும்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் காற்று மாசால் நேரும் சாவுகளில் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. இதை மருத்துவர்கள் சொன்னாலும் நம்ப மனம் வருவதில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய், குழந்தைகளுக்கு நிமோனியா, அடுப்படியிலேயே காலம் கழித்த பெண்களுக்குக் கண்புரை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு.

கரி தனியாகவும் வருவதில்லை. எரியும்போது உண்டாகும் பென்சோபைரீன் போன்ற நச்சுகள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு கூடவே உள்ளே போகின்றன. இந்தத் தொடர்பை முதலில் கவனித்தது 1775-ல், லண்டனில். வீடுகளின் புகைபோக்கிக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய ஏழைப் பையன்களை அனுப்புவார்கள். அவர்கள் வளர்ந்த பிறகு விரைப்பையில் புற்றுநோய் வருவதைப் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் கண்டு, தோலில் படியும் கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று முதலில் சொன்ன பதிவு அது. 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. 2019-ல் பெல்ஜியத்தில் நடந்த ஆய்வில், தாய் மூச்சில் இழுத்த கரித்துகள்கள் நஞ்சுக்கொடியில், அதுவும் குழந்தை இருக்கும் பக்கத்தில், காணப்பட்டன.

எவ்வளவு வரை பரவாயில்லை? ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 அளவு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இந்தியாவின் சட்ட வரம்பு 40. ஜன்னல் சரியாக இல்லாத அடுப்படியில் விறகு எரியும் நேரத்தில் இது சில நூறுகளைத் தொடும். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் மட்டும் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 32 லட்சம் பேர் சாகிறார்கள் என்பது 2020-க்கான அந்த நிறுவனத்தின் கணக்கு.

சரி, கேஸ் அடுப்பு கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? தமிழ்நாட்டில் 2007-லேயே அரசு இலவசக் கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா கேஸ் இணைப்புத் திட்டம் வந்தது. இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் 2022-ல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு பலரை யோசிக்க வைத்தது. நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகள் அதில் சேர்ந்தார்கள். நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டத்துப் பெண்களும் உண்டு. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் இலவச சிலிண்டரும் கொடுத்தார்கள், மீதிப் பேர் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள். கேஸ் வீடுகளில் பெண்கள் சுவாசித்த பி.எம். 2.5 சுமார் 24 மைக்ரோகிராம். விறகு வீடுகளில் சுமார் 70. அப்படியும் பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஏன் என்று இன்னும் விவாதிக்கிறார்கள். கர்ப்பம் தரித்துச் சில மாதங்கள் போன பிறகுதான் அடுப்பு மாறியது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த 24 என்ற எண். சொந்த அடுப்பு சுத்தமாகியும், அது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5-ஐப் போல நாலைந்து மடங்கு. பக்கத்து வீட்டு அடுப்பும் தெருக்குப்பையும் ரோட்டு லாரியும் ஜன்னல் வழியே வந்துகொண்டேதான் இருக்கும். அடுப்பு மாற்றியது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு வீடு மாறினால் போதாது, தெரு மாற வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரின் அமைப்பும் இதில் உதவுவதில்லை. வேலூரைச் சுற்றி மலைகள். மார்கழி, தை மாதங்களில் ராத்திரி தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்கும். மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். கீழ்க்காற்று எழும்பாது, அதிலிருக்கும் புகையும் எழும்பாது. விடியற்காலையில் மலையடிவாரத்தில் தெரிவதெல்லாம் பனி என்று நினைத்துவிடக் கூடாது. வெயில் ஏறினால்தான் கலையும். போகி இந்தக் காலத்தில்தான் வருகிறது, அதுவும் விடியற்காலையில். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே தாமதமாயின.

வானத்தில் அது செய்யும் வேலை

கார்பன் டை ஆக்சைடு சூரிய ஒளியைத் தடுப்பதில்லை. தரையிலிருந்து திரும்பிப் போகும் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. கரி வேலை செய்வது வேறு விதமாக. வெயிலில் கறுப்புச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது: கரி சூரிய ஒளியை நேராகவே விழுங்கிச் சூடாகி, சுற்றியிருக்கும் காற்றையும் சூடாக்குகிறது. ஒரு கிராம் கரி காற்றில் பரவினால் சுமார் ஏழரை சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளியை விழுங்கும். 80 சதுர அடி அறை அளவு. ஒரே ஒரு கிராம்!

பனிமலையில் விழுந்தால் சேதம் இன்னும் அதிகம். வெண்பனி தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதன் மேல் லேசாகக் கரி படிந்தாலும் திருப்புவது குறைந்து, உறிஞ்சுவது கூடி, சீக்கிரம் உருகும். இமயமலைப் பனிக்கு இந்தத் தொல்லை உண்டு. வேலூர்க் கரி அவ்வளவு தூரம் போகுமா என்றால், இமயத்தில் படிவதில் பெரும்பங்கு கங்கைச் சமவெளியிலிருந்தும் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் போவது. குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று துணைக்கண்டத்தின் புகையைக் கடல் பக்கம் தள்ளுகிறது. நம் பக்கத்துப் புகை அந்தத் திசையில் போவதுதான் அதிகம்.

அந்தப் புகையைத் தேடிப் போனவர்களில் ஒருவர் மதுரையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். அவரும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் தலைமை தாங்க, 1999-ல் விமானம், கப்பல், மாலத்தீவில் ஒரு தளம் என்று பெரிய ஏற்பாட்டோடு இந்தியப் பெருங்கடலின் மேல் ஆராய்ச்சி நடந்தது. நடுக்கடலில் காற்று சுத்தமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அங்கே சுமார் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு நிறப் புகைமூட்டம் இருந்தது. அந்த மூட்டம் மேல்காற்றைச் சூடாக்குகிறது. அதே நேரம் கடலிலும் தரையிலும் விழும் வெயிலைக் குறைக்கிறது. கடலில் வெயில் குறைந்தால் நீர் ஆவியாவது குறையும், பருவமழையின் போக்கு மாறும் என்று ராமநாதன் குழுவினர் தொடர்ந்து எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு, வேலூர் வெயிலுக்குக் காரணம் கரிதான் என்று முடிவுகட்ட வேண்டாம். கடலிலிருந்து தள்ளி, பாறை மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர் கொதிக்கத்தான் செய்யும். சொல்லப்போனால், மேலே இருக்கும் புகைமூட்டம் அதன் கீழிருக்கும் தரைக்கு வெயிலைக் கொஞ்சம் குறைக்கவே செய்யும். பாலாறு வறண்டதையும் கரியின் தலையில் கட்ட முடியாது. அதற்கு நமக்குத் தெரிந்த வேறு காரணங்கள் நிறைய.

கரியால் பூமி மொத்தத்தில் எவ்வளவு சூடாகிறது என்பதில் விஞ்ஞானிகளின் கணக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2013-ல் வந்த ஒரு பெரிய மதிப்பீடு, மனிதரால் நேரும் வெப்பமாதலில் கார்பன் டை ஆக்சைடுக்கு அடுத்த இடத்தில் அதை வைத்தது. 2021-ல் வந்த ஐ.நா. பருவநிலைக் குழுவின் அறிக்கை அந்த அளவை நன்றாகக் குறைத்துவிட்டது. மேல்காற்று சூடானால் மேகங்களும் மாறுகின்றன, அந்த மாற்றம் சூட்டின் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. இன்னொரு சிக்கல், முன்பு சொன்ன வெள்ளைப் புகை. அதிலுள்ள துளிகள் ஒளியைச் சிதறடித்துக் குளிர்விக்கும். அதனால் டீசல் புகையைக் குறைத்தால் வெப்பம் குறையும் என்று தைரியமாகச் சொல்லலாம். சருகுப் புகையைக் குறைத்தால் குறையுமா என்பது அவ்வளவு நிச்சயமில்லை.

நான் இதில் முக்கியமாக நினைப்பது வேறொன்று. கரி காற்றில் தங்குவது சில நாட்கள், போனால் இரண்டு வாரம். மழை வந்தால் கழுவிவிடும், இல்லையென்றால் தானே படிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அப்படியில்லை, இன்று விட்டதில் ஒரு பங்கு பல நூறு ஆண்டுகள் நிற்கும். அதைக் குறைத்தால் பலன் பேரப்பிள்ளைகளுக்கு, அதுவும் உலகம் முழுக்கப் பங்கிட்டு. கரியைக் குறைத்தால் பலன் குறைத்தவருக்கே, அடுத்த வாரமே. ஆக, இதைக் குறைக்கப் பருவநிலையைக் காரணம் காட்ட வேண்டிய தேவையே இல்லை. நெஞ்சுக்காகக் குறைத்தாலே போதும், பூமிக்குக் கிடைப்பது கூடுதல்.

குறைப்பதற்கு வழி

லாரியில் ஆரம்பிக்கலாம். டீசல் வண்டி கறுப்பாகப் புகை விட்டால், உள்ளே போன டீசலுக்குக் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், நாசில் சரியாகத் தெளிக்காமல் சொட்டும், இல்லையென்றால் ஓவர்லோடு. எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, அது வேறு வியாதி. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க, வண்டிப் புகைக்கு வரம்பு வைக்கும் பி.எஸ். 6 விதி வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. புது டீசல் வண்டிகளில் கரியை வடிகட்டும் ஃபில்டர் வந்தது. அந்த ஃபில்டர் அடைத்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினால் உள்ளே இருக்கும் கரி எரிந்து ஃபில்டர் தானே சுத்தமாகும். விளக்கு எரிகிறது, தொல்லை என்று ஃபில்டரையே கழற்றிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டிக்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதி அதற்குத்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

செங்கல் சூளையில் தீர்வு கல் அடுக்கும் விதத்திலேயே இருக்கிறது. காற்று நேராகப் பாயாமல் வளைந்து வளைந்து போகும்படி கல்லை அடுக்குவதற்கு ஜிக்ஜாக் முறை என்று பெயர். காற்றும் நெருப்பும் நன்றாகக் கலந்து எரிவதால் கரி பெரிதும் குறைகிறது, எரிபொருளும் மிச்சம். 2022-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சூளைகள் இந்த முறைக்கோ செங்குத்துச் சூளைக்கோ இயற்கை எரிவாயுவுக்கோ மாற வேண்டும் என்று அறிவிக்கை போட்டது. கல்லுக்கு நடுவே விறகைச் செருகிக் கொளுத்தும் சின்னச் சூளைக்காரருக்கு இதற்கான முதலீடு சுலபமில்லை, கடனுதவி இல்லாமல் நடக்காது. வெல்லக் கொட்டகையில் செலவு குறைவு. சக்கை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அடுப்புக்குக் காற்று வர வழி வேண்டும், வாயில் அடைக்கும் அளவுக்குத் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கொப்பரைக்கு முன்னால் நிற்பவருக்கு இது தெரியாததல்ல, அவசரத்தில்தான் திணிப்பார்கள்.

காற்றின் நிலையைப் பார்க்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி இருக்கிறது. அதில் கரி என்று தனியாக வராது, பி.எம். 2.5 என்று மொத்தமாகத்தான் வரும். குளிர்காலத்தில் அந்த எண் ஏறியிருந்தால் விடியற்கால நடையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். முகத்தில் கட்டும் கர்ச்சீஃப் கரியைத் தடுக்காது. சூளை, லாரிப் பட்டறை போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு என்-95 முகக்கவசம் உதவும், முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால்.

வீட்டில் கேஸ் வந்த பிறகும் விட்டுப்போகாதது வெந்நீர் அடுப்பு. சிலிண்டர் விலைக்குப் பயந்து குளிக்கிற தண்ணீரை மட்டும் விறகில் காய்ச்சுகிற வீடுகள் கிராமங்களில் இன்னும் நிறைய. சமையல் கேஸில்தானே என்று அவர்கள் இதைப் புகைக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. கூடவே தென்னை மட்டை, வேலிகாத்தான் சுள்ளி, பழைய செருப்பு, பிளாஸ்டிக் கவர் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் அதற்குள் போகும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் மாடியில் ஒரு சோலார் ஹீட்டர் வைக்க வசதி இருந்தால் அதுதான் நல்லது. கோடையில் கறுப்பு டேங்க்கிலேயே தண்ணீர் சுடச்சுட வரும். முடியாதவர்கள் அந்த அடுப்பை ஜன்னலுக்குக் கீழே வைக்காமல் திறந்தவெளியில் தள்ளி வைக்கலாம், விறகை மழை படாத இடத்தில் காயவைத்து எரிக்கலாம், செருப்பையும் கவரையும் அதில் போடாமல் இருக்கலாம். காலையில் அந்த அடுப்போரம் குளிர்காய உட்காரும் குழந்தையைக் காற்று வரும் பக்கமாக நகர்த்தி உட்காரவைக்க வேண்டும்.